இரும்புக் கை தொங்கிய கதவு

கடலோரத்தில் மதில் சூழ்ந்த பழைய ஊரான எங்கள் கோட்டோரில் கோடைக்காலக் காலைகளில் கப்பல்கள் வந்து நின்றதும், கடல் வாசல் வழியாகக் கூட்டம் மடை திறந்ததுபோல உள்ளே வரும். அந்தக் கூட்டத்தில் உள்ளூர் முகம் ஒன்று தட்டுப்பட்டால் நாங்கள் கையைத் தூக்கிக் காட்டிக்கொள்வோம், எங்கோ வெளிதேசத்தில் சொந்த ஊர்க்காரனைப் பார்த்துவிட்டதுபோல. மதிலுக்குள் இன்னும் குடியிருக்கிறவர்கள் அவ்வளவு குறைவு.

நெவென்கா அந்த நேரத்துக்குத்தான் வேலை முடிந்து அந்தக் கூட்டத்தோடு உள்ளே வருவாள். மதிலுக்கு வெளியே ஒரு ரொட்டிக்கடையில் அவளுக்கு வேலை. ஊர் தூங்கும்போது போய் மாவு பிசைந்து, அடுப்பு முன்னால் நின்று வெந்து, முகத்தில் மாவும் கண்ணில் தூக்கமுமாகத் திரும்புவாள். பகல்தான் அவளுக்கு இரவு. வயது நாற்பத்தைந்து. தனியாக இருந்தாள். அவள் கணவன் வாஸ்கோ கப்பலில் இன்ஜினியர். பல வருடம் ஒன்றாக வாழ்ந்தார்கள், குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் ஒருமுறை கப்பலேறிப் போனவன் ரியேகா துறைமுகத்திலேயே தங்கிவிட்டான். இப்போது அவனுக்கு அங்கே ஒரு வீடு, ஒரு மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால்தான் அவள் முன்னால் யாரும் அதைப் பேசுவதில்லை.

அவள் வீடு அப்பா விட்டுப்போன கல் வீடு. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வீட்டின் பின்சுவர் மலைப்பாறையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. போக வர ஒரே கதவு. அந்தக் கதவில் தட்டுவதற்காக ஒரு இரும்புக் கை தொங்கியது. மணிக்கட்டில் மடிப்பு வைத்த சட்டை, விரல்களுக்குள் ஒரு உருண்டை. எந்தக் காலத்தில் யார் மாட்டியதோ, நெவென்காவின் அப்பாவுக்கே தெரியாது.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், அவள் படுத்துக் கண் அசந்த நேரம், அந்தக் கை கதவில் மூன்று முறை மோதியது.

எழுந்து போய்த் திறந்தாள். வாசலில் ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக நெவென்காவைப் பார்த்தாள், வெட்கப்பட்டாள், "சாரி, சாரி" என்றாள். கணவன் கதவை ஒரு போட்டோ எடுத்தான். இருவரும் ஓடிவிட்டார்கள். குடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூன்று தட்டு. இந்த முறை நான்கு பெண்கள். அடுத்த நாள் ஒரு கூட்டமே நின்றது.

எதிர்வீட்டு மாரே ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அவளுக்கு அறுபது வயது. அந்தச் சந்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பூனை குட்டி போடாது.

"என்ன இது, மாரே? ஏன் எல்லாரும் என் கதவுல வந்து தட்றாங்க?" என்று கேட்டாள் நெவென்கா.

"உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கறேன்?"

மாரே ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, எப்படியும் தெரியத்தானே போகிறது என்பதுபோல, "அந்தக் கையை மூணு தடவை தட்டினா வருஷத்துக்குள்ள மடியில புள்ளை இருக்குமாம்" என்றாள்.

நெவென்கா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அது நெஞ்சில் தைத்தது.

"யார் சொன்னது?"

"வேற யாரு? உன் த்ரிபோதான்."

த்ரிபோ எங்கள் ஊர் வழிகாட்டி. நீலக் கொடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான், நாற்பது பேர் பின்னால் போவார்கள். ஒரு காலத்தில் மலைமேல் கோட்டைக்குத்தான் ஆட்களைக் கூட்டிப்போவான். முட்டி இரண்டும் போன பிறகு படியேற முடியவில்லை. அதனால் படியே இல்லாத ஒரு வழியைப் பிடித்தான். கடல் வாசல், மணிக்கூண்டு, குற்றவாளிகளைக் கட்டிவைத்த கல்தூண், தேவாலயம், நெவென்காவின் சந்து, புனித லூக்கா சதுக்கம், பழைய அடிகுழாய், ஆற்று வாசல். வயதானவர்களும், தள்ளுவண்டியில் பிள்ளை வைத்திருப்பவர்களும் மூச்சு வாங்காமல் பார்த்துவிடலாம். அவன் வேலை பார்த்த சுற்றுலா நிறுவனம் அதை 'எளிய நடை' என்று அச்சடித்து விற்றது. நன்றாக விற்றது.

அது மட்டுமல்ல. நெவென்காவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சாட்சி நின்றவன் அவன்தான். எங்கள் பக்கத்தில் அதை 'கூம்' என்போம், பெண்ணானால் 'கூமா'. அப்படி ஒருமுறை நின்றுவிட்டால் அது சாகும்வரை உறவு. வாஸ்கோ போனாலும் அந்த உறவு போகவில்லை. ஈஸ்டருக்கு த்ரிபோவின் மனைவி அனீட்சா முட்டைக்குச் சாயம் ஏற்றினால் நெவென்காவுக்கு ஒரு கூடை வந்துவிடும். கூமின் மேல் புகார் கொடுப்பது, சொந்த அண்ணன்மேல் போலீசுக்குப் போவதைவிடக் கேவலம்.

மறுநாள் நெவென்கா தூங்கப் போகாமல் மணிக்கூண்டடியில் காத்திருந்தாள். த்ரிபோ கொடியோடு வந்தான். அவளைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"இவங்களை இங்கேயே நிறுத்திட்டு இப்படி வா, கூமே."

அவன் கூட்டத்தைப் பார்த்து, அந்தக் கல்தூணை நன்றாகப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓரமாக வந்தான்.

"என் வீட்டுக் கதவுதான் கெடைச்சுதா உனக்கு? இந்த ஊர்ல கதவே இல்லையா?"

"சத்தம் போடாத கூமா. வேணும்னு செய்யலை. அன்னைக்கு மழை. சந்து அந்தப் பக்கம் அடைச்சுக்கிச்சு. எல்லாரும் நனைஞ்சுகிட்டு முணுமுணுன்னு திட்றாங்க. ஒரு பொண்ணு, 'இந்தக் கை எதுக்கு'ன்னு கேட்டா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். எல்லாரும் அப்படிச் சந்தோஷமாயிட்டாங்க..."

"வாயில வந்ததா? உன் வாயில ஏன் அது வந்துச்சு?"

அவன் கொடியைச் சுருட்டினான். அந்தக் கதவைப் பார்த்தபோது அந்த வீட்டில் இல்லாத ஒன்றுதான் அவன் நினைவுக்கு வந்திருக்கிறது. அது இருவருக்கும் தெரிந்தது.

"நீ அந்நேரம் தூங்குவேன்னு நெனைச்சேன்" என்றான் கடைசியில்.

"தூங்கறவளைத்தான் எழுப்பறாங்க!"

"சரி, சரி. இனிமே சொல்ல மாட்டேன். சத்தியம்."

சத்தியத்தை அவன் காப்பாற்றத்தான் பார்த்தான். அவள் சந்தில் ஒன்றும் சொல்லாமல் நடந்தான். ஆனால் வந்தவர்கள் விடவில்லை. "அந்தக் கை எங்கே?" என்று அவர்களே கேட்டார்கள். போனில் படம் வைத்திருந்தார்கள். காட்டாமல் போனதற்காக ஒரு கூட்டம் நிறுவனத்தில் புகார் எழுதியது. மற்ற வழிகாட்டிகளும் கதையை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அதில் ஒரு வெனிஸ் நகரத்துப் பிரபுவைச் சேர்த்தாள். இன்னொருவன் தட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றான். ஜூன் மாதத்தில் த்ரிபோவும் பழையபடி சொல்லத் தொடங்கிவிட்டான்.

நெவென்கா ஸ்க்ரூடிரைவர் எடுத்து அந்தக் கையைக் கழற்றி உள்ளே வைத்தாள். இரண்டு நாள் மரத்தின்மேல் விரல் முட்டியால் தட்டினார்கள். மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், கை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கை ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது, நினைவுப்பொருள் கடையில் விற்கிற சாமான். யார் ஒட்டினார்கள் என்று எந்தக் கடைக்காரனும் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கைப் பார்க்கச் சகிக்காமல் பழைய கையையே திரும்ப மாட்டினாள்.

"வேணாம்னு எழுதி ஒட்டேன்" என்றாள் ரொட்டிக்கடையில் ஒருத்தி.

எழுதி ஒட்டினாள். 'இது வீடு. தயவுசெய்து தட்டாதீர்கள்.' அதையும் போட்டோ எடுத்தார்கள். மாரே தன் ஜன்னலில் சிவப்பு ரிப்பன் விற்க ஆரம்பித்தாள். கையின் விரலில் கட்டினால் இன்னும் சீக்கிரம் பலிக்குமாம்.

"மாரே, நீயுமா?"

"நீ கதவை மூடிக்கிட்டு உள்ள இருக்கே. நான் ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன். என் தப்பா அது? வேணும்னா நீயும் வித்துக்கோ."

ஜூலைக்குள் அவள் வாழ்க்கை கதவுக்கு இந்தப் பக்கம் சுருங்கிவிட்டது. ஜன்னல் பலகைகளைத் திறப்பதில்லை. திறந்தால் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். படுக்கையைப் பாறையை ஒட்டிய பின்னறைக்கு நகர்த்தினாள். அங்கே சுவர் கசியும், காற்று வராது. அங்கேயும் தட்டுவது கேட்டது. காதில் பஞ்சு வைத்தால் தன் நாடித்துடிப்பே மூன்று மூன்றாகத் தட்டுவதுபோல இருந்தது. தன் வீட்டுக் கதையைப் பல மொழிகளில் சுவர் வழியாகக் கேட்டாள். மொழி புரியாவிட்டாலும், எந்த இடத்தில் 'குழந்தை' வருகிறது, எந்த இடத்தில் பெண்கள் 'ஆ' என்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

வெளியே போவது பெரும்பாடு. குப்பைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று காத்திருப்பாள். குரல்கள் விலகும். தாழ்ப்பாளில் கை வைப்பாள். அடுத்த கூட்டம் வந்துவிடும். குழம்புக்கு வெங்காயம் இல்லையென்றால் வெங்காயம் இல்லாமலே வைத்தாள். ஒருநாள் பொறுக்காமல் கதவைப் படீரென்று திறந்து வெளியே வந்தபோது, முன்னால் நின்ற பெண் அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். நெவென்கா கையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, குழாயைத் திறந்து, வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

வீட்டை விற்றுவிடலாமா என்று நினைத்தாள். வாங்க ஆள் இருந்தது. "கதையோட சேத்து வாங்கிக்கறோம்" என்றார் தரகர் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவள் அந்தப் பேச்சையே விட்டாள்.

ஆகஸ்டில் அது நடந்தது. அன்று மூன்று கப்பல்கள். காற்று அசையவில்லை, கல்லெல்லாம் அடுப்புபோலக் கொதித்தது. நெவென்கா பின்னறையில் நனைத்த துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சந்தில் வழக்கமான சத்தம். பிறகு அந்தச் சத்தம் மாறியது. சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ கோபமாகக் கத்தினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. லூக்கா சதுக்கத்திலிருந்து ஒரு கூட்டமும் தேவாலயப் பக்கமிருந்து ஒரு கூட்டமும் சந்துக்குள் நுழைந்து அவள் வாசலில் முட்டிக்கொண்டிருக்கின்றன. பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் என்ன ஆகிறது என்று தெரியவில்லை, தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கதவில் இப்போது கை மோதவில்லை. உள்ளங்கைகளால் அறைந்தார்கள். மரம் நெரிந்தது.

நெவென்கா கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். 'கொஞ்சம் தெரிஞ்சுக்கட்டும்' என்று ஒரு கணம் நினைத்தாள். வெளியே போக வழியில்லாமல், மூச்சு விட முடியாமல், நான்கு சுவருக்குள் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே. தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது. அந்தக் குழந்தையின் அழுகை திடீரென்று அடங்கியது. தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள்.

கதவோடு சேர்ந்து மனிதர்கள் உள்ளே விழுந்தார்கள். ஒரு தாய், மார்போடு அழுத்திய பையன். அவனுக்கு முகம் சிவந்திருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. ஒரு கிழவர், மூக்குக்கண்ணாடி இல்லாமல். மயக்கமாகிவிட்ட ஒரு பெண்ணை இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னறை நிரம்பியது, சமையலறை நிரம்பியது, மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நெவென்கா இரவு உடையில் நடுவே நின்று பானை, டம்ளர், பால் காய்ச்சும் பாத்திரம் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். மயங்கிய பெண்ணைத் தன் படுக்கையில் கிடத்தி, அந்த ஈரத்துண்டை அவள் நெற்றியில் போட்டாள்.

கடைசியாக த்ரிபோ வந்தான். கொடிக்கம்பு முறிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எல்லோரும் மூச்சு விட்டுத் தெளிந்ததும், சமையலறையில் நின்ற ஒருவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "இதுதானே அந்த வீடு? குழந்தை வீடு?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனைத் தூக்கினான். மற்றவர்களும் அப்போதுதான் கவனித்தார்கள். முகங்களில் மறுபடி அந்தச் சிரிப்பு வந்தது.

"சொல்லேன் கூமே" என்றாள் நெவென்கா எங்கள் மொழியில். "உன் ஆளுங்க கேக்கறாங்க. இந்த வீட்ல எத்தனை புள்ளைங்க பொறந்துச்சு? சொல்லு."

"நெவென்கா, வேணாம்..."

"எந்த ரூம்ல தொட்டில் இருக்குன்னு காட்டு. நீதானே வழிகாட்டி?"

த்ரிபோ தரையைப் பார்த்தான். உடனே அவளே திரும்பி, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள். இது என் வீடு. நான் ரொட்டி சுடுகிறேன். பகலில் தூங்க வேண்டும். எனக்குக் குழந்தை கிடையாது. ஆசைப்பட்டேன், வரவில்லை. என் கணவர் அதனால் போய்விட்டார். நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்கிறது. அவ்வளவுதான்.

ஒரு வயதான அம்மாள் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொருவராகத் தலை குனிந்து வெளியே போனார்கள். டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுக்கூடப் போனார்கள் சிலர். அன்று மாலை நெவென்கா நன்றாகத் தூங்கினாள். சொல்லிவிட்டோம், முடிந்தது என்று நினைத்தாள்.

ஆனால் போனைத் தூக்கியவன் அதைக் கீழே இறக்கவே இல்லை. அவள் பேசியது முழுதும் வீடியோவாக ஊர் ஊராகப் போய்விட்டது. அடுத்த வாரம் கப்பல்களில் வந்தவர்கள் கதவைத் தேடி வரவில்லை; கதவுக்குப் பின்னால் இருக்கிறவளைத் தேடி வந்தார்கள். இப்போது அவர்கள் பலமாகத் தட்டவில்லை. ஆஸ்பத்திரியில் தட்டுவதுபோல மெதுவாகத் தட்டினார்கள். அது இன்னும் கொடுமையாக இருந்தது. வாசற்படியில் மெழுகுவர்த்தி வைத்தார்கள், பொம்மை வைத்தார்கள். பச்சைக் குழந்தைக்குப் போடுகிற சின்னச் சின்ன காலுறைகளை இரும்புக் கையின் விரலில் தொங்கவிட்டுப் போனார்கள். நடுராத்திரியில் வேலைக்குப் போகும்போது நெவென்கா அவற்றைக் காலால் ஒதுக்க மனமில்லாமல் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து ஒரு பையில் போடுவாள். பையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாது. பின்னறையில் பைகள் சேர்ந்தன. மாரேவுக்கே மனசு கேட்கவில்லை. ரிப்பன் பெட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு மாலை, கப்பல்கள் போன பிறகு, யாரோ விரலால் தட்டினார்கள்.

"நான்தான், கூமா."

"போயிடு."

"வெளிய நிக்க வைக்காத. முட்டி வலிக்குது."

"வலிக்கட்டும்."

த்ரிபோ வாசற்படியில் உட்கார்ந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் தரையில் உட்கார்ந்தாள். இடையில் மரம்.

"எனக்கும் தூக்கமில்லை" என்றான். "அனீட்சா எங்கூட பேசறதில்லை. அந்த வீடியோவைப் பாத்துட்டு, 'நீ ஒரு மனுஷனா'ன்னு கேட்டா. அதோட சரி. சோத்தை மேஜையில வெச்சுட்டுப் போயிடறா."

"அவ நல்லவ."

"ஆமா."

"அந்தக் கதையைக் கொன்னுடு, த்ரிபோ."

"முடியலையே! பொய்னு சொல்லிப் பாத்தேன். நானேதான் கட்டிவிட்டேன்னு சொன்னேன். சிரிக்கறாங்க. 'ரகசியத்தைக் காப்பாத்தறார்'ங்கறாங்க. நான் நின்னா இன்னொருத்தன் சொல்றான். வேலையை விட்டுடலாம்னா, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு யார் எனக்கு வேலை தருவா? இந்த வழியை விட்டா எனக்கு நடக்கவும் வழி இல்லை."

நெவென்கா கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"கொல்ல முடியலைன்னா வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள் பிறகு.

"எங்க?"

"உன் வீட்டுக்கு."

"என்னது?"

"உனக்கு மூணு பசங்க. கேக்கறவங்களுக்கும் நம்பிக்கையா இருக்கும்."

"அனீட்சா என்னை வெட்டிப் போட்டுடுவா!"

"அது உங்க குடும்ப விஷயம்."

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். ஸ்க்ரூடிரைவரால் அந்த இரும்புக் கையை இரண்டாம் முறையாகக் கழற்றி, சிவப்பு ரிப்பன்களோடு அவன் மடியில் வைத்தாள். அவன் அதைச் செத்த பறவையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான்.

த்ரிபோவின் வீடு ஆற்று வாசலுக்கு அருகில், மரநிழல் உள்ள ஒரு சின்ன சதுக்கத்தில். கையை அங்கே மாட்டினான். பாறை சரிந்து விழக்கூடும் என்பதால் கையைப் பத்திரமான இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று கூட்டத்திடம் சொன்னான். இன்னொரு பொய்தான். ஆனால் மற்ற வழிகாட்டிகளுக்கும் அது வசதியாகப் போயிற்று: நெரிசல் இல்லை, உட்கார நிழல், பக்கத்திலேயே காபிக்கடை. முதல் நாள் அனீட்சா மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வந்தவர்கள் தலையில் கொட்டினாள். அவர்கள் கைதட்டினார்கள். அதுவும் சடங்கில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் வந்த கூட்டம் தண்ணீருக்காகக் கீழே காத்து நின்றது. அனீட்சா வாளியை வீசிவிட்டு உள்ளே போனவள், அதற்குப் பிறகு த்ரிபோவோடு பேச ஆரம்பித்தாளாம். என்ன பேசினாள் என்பதைச் சதுக்கம் முழுதும் கேட்டது.

சந்தில் கூட்டம் குறைந்தது. பழைய வரைபடம் வைத்திருக்கிறவர்கள் மட்டும் எப்போதாவது வந்தார்கள்.

அக்டோபரில் ஒருநாள் காலை, நெவென்கா வந்து ரொட்டிப் பையை மேஜையில் வைத்த நேரம், கதவில் ஒரே ஒரு தட்டு. திறந்தாள். வாசலில் ஒருத்தி தனியாக நின்றாள். அகன்ற தோள், பெரிய கைகள், பேருந்து ஓட்டுநர் சீருடை. கை இருந்த இடத்தில் வெறும் ஆணித்துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான்னு சொன்னாங்க" என்றாள் செக் மொழியில். மெதுவாகப் பேசினால் எங்களுக்கு அது பாதிக்கு மேல் புரியும்.

நெவென்காவுக்குக் கதவைச் சாத்திவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணிடம் போன் இல்லை, சிரிப்பு இல்லை. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டதற்காக அவமானப்பட்டு நின்றாள்.

"அதை மாத்திட்டாங்க. இருங்க, சால்வை எடுத்துட்டு வரேன். கூட்டிட்டுப் போறேன்."

அவள் பெயர் யித்கா. செக் நாட்டின் புர்னோ நகரத்திலிருந்து ஒரு கூட்டத்தைப் பேருந்தில் ஓட்டிக்கொண்டு வந்தவள். பயணிகள் படகில் போயிருந்தார்கள். அவளுக்குச் சாயங்காலம் வரை ஓய்வு. இருவரும் சந்திலிருந்து வெளியே வந்தார்கள். நெவென்கா பகல் வெளிச்சத்தில் அந்தப் பக்கம் நடந்து எத்தனை மாதமாகிறது என்று நினைத்துப் பார்த்தாள். லூக்கா தேவாலயத்தின் படியில் பூனைகள் வெயில் காய்ந்தன. அடிகுழாயடியில் யித்கா நின்று, பிடியை அடித்து முகம் கழுவிக்கொண்டாள்.

"இங்கதான் அந்தக் காலத்துல பொம்பளைங்க தண்ணி எடுக்க வந்து ஊர்வம்பு பேசுவாங்க" என்றாள் நெவென்கா. வழிகாட்டிபோலப் பேசுகிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"நான் இதையெல்லாம் நம்பறவ இல்லை" என்றாள் யித்கா திடீரென்று. "மூணு தடவை வயித்துல தங்கி, தங்காம போச்சு. எனக்கு நாப்பத்தொண்ணு. டாக்டர் போதும்ங்கறார். ஆனா இவ்ளோ தூரம் வந்துட்டுத் தட்டாம போனா, அப்பறம் வீட்ல உக்காந்து, தட்டியிருக்கலாமோன்னு தோணிக்கிட்டே இருக்குமே."

"தோணும்" என்றாள் நெவென்கா.

"நீங்க அந்த வீட்லயே இருக்கீங்க. தட்டிப் பாத்ததில்லையா?"

"அது என் வீட்டுக் கதவு. சாவி போட்டுத் திறப்பேன்."

யித்கா அவளை உற்றுப் பார்த்தாள். வீடியோவில் பார்த்த முகம் என்று அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. "ஐயோ, நீங்கதானா அது... மன்னிச்சுக்கோங்க. எனக்குத் தெரியாது."

"பரவால்லை. வாங்க."

த்ரிபோவின் வாசலில் அன்று யாரும் இல்லை. யித்கா அந்த இரும்புக் கையைத் தொட்டாள், எடுத்தாள், மூன்று முறை தட்டினாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பேருந்தின் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோலத்தான் தட்டினாள்.

"தண்ணி கிடையாது! தண்ணியெல்லாம் நிறுத்தியாச்சு!" என்று கத்திக்கொண்டே அனீட்சா மாடி ஜன்னலைத் திறந்தாள். கீழே நிற்பது நெவென்கா என்று பார்த்தாள். பிறகு இறங்கி வந்து கதவைத் திறந்து, "உள்ள வாங்க ரெண்டு பேரும். காபி இருக்கு" என்றாள் மெதுவாக.

குடித்தார்கள். யித்கா புறப்படும்போது நெவென்காவின் கையைப் பிடித்தாள், பிடித்ததும் விட்டுவிட்டாள். ஆற்று வாசல் வழியாக அவள் போவதை நெவென்கா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பினாள். சந்தில் யாரும் இல்லை.

வீட்டுக்குள் வந்து, பழக்கத்தில் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு படுத்தாள். தூக்கம் வரவில்லை. காது கதவிலேயே இருந்தது. யாரும் தட்டவில்லை, ஆனாலும் அடுத்த தட்டுக்காகக் காது காத்துக்கொண்டிருந்தது. புரண்டு புரண்டு பார்த்துவிட்டு எழுந்து, முன்னறைக்குப் போய், கோடை முழுதும் மூடிக்கிடந்த ஜன்னல் பலகையைத் தள்ளினாள். ஈரத்தில் இறுகியிருந்தது. தோளால் ஒரு முட்டு முட்டவும் திறந்துகொண்டது.

எதிர் ஜன்னலில் மாரே முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, தூக்கம் வரலையா?"

"வரலை."

"எனக்கும் ஒரே வெறிச்சுன்னு இருக்கு. பேசறதுக்கு ஆளில்லை" என்றாள் மாரே. நெவென்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "திட்டாத. இந்தப் பக்கம் வா, மீன் வறுக்கறேன்" என்றாள்.

நெவென்கா கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள். பிறகு செருப்பைத் தேடினாள்.